இடது கீழ் மூலை

டிசம்பர் 27, 2022, செவ்வாய்

காலையில் லூர்து மேரி டீச்சர் போன் செய்தார். நாங்கள் இருபத்தெட்டு வருஷம் குடியிருந்த கடலோர ஆலைக் குவார்ட்டர்ஸில் அவர்தான் பள்ளிக்கூட டீச்சர். ரிட்டையர் ஆன பிறகும் எங்கள் எல்லாரையும் அதட்டிக்கொண்டிருக்கிறார். ஜனவரி 26 அன்று பழைய ஆட்கள் எல்லாரும் அங்கே மனமகிழ் மன்றத்தில் கூடுகிறோமாம். 2003 குடியரசு தினத்தில் போட்ட என்னுடைய ‘மூன்றாம் நம்பர் குழாய்’ நாடகம் மறுபடி மேடை ஏற வேண்டுமாம். பழைய நடிகர்களே நடிப்பார்களாம்.

எனக்கு நெஞ்சு ஒரு சாண் உயர்ந்தது. அடுத்த வார்த்தையில் அதை இறக்கிவிட்டார்.

“திரவியம் அண்ணாச்சியும் நடிக்க வாராவ. ஆனா ஒரு கண்டிஷன். கடைசி சீன் அவுக எழுதுனதுன்னு மேடையில நீங்க சொல்லணுமாம்.”

ஞானதிரவியம். பாய்லர் ஃபோர்மேன். ஒரு காலத்தில் எனக்கும் அவனுக்கும் ஒரே சைக்கிள், ஒரே டிபன் கேரியர். இப்போது நாசரேத்தில் இருக்கிறான். இருபது வருஷமாக ஒரு வார்த்தை பேசியதில்லை.

“டீச்சர், அந்த நாடகம் முதல் வரியிலேருந்து கடைசி வரி வரைக்கும் இந்த ஆவுடையப்பன் எழுதுனது. கம்ப்யூட்டர்ல இருக்கு. எடுத்து அவன் மூஞ்சிக்கு நேரா காட்டுதேன்” என்றேன்.

“காட்டுங்க அண்ணாச்சி. பத்தாம் தேதிக்குள்ள காட்டுங்க. ஒத்திகை பாக்கணும்லா” என்று வைத்துவிட்டார்.

சாட்சி இருக்கிறது. நான் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்தவன். எந்தக் காகிதம் அடித்தாலும் இடது கீழ் மூலையில் இரண்டு எழுத்துப் போடுவது எங்கள் ஆட்களின் வழக்கம். சொன்னவர் எழுத்து முதலில், ஒரு சாய்கோடு, பிறகு அடித்தவர் எழுத்து. மேனேஜர் வரதராஜன் சொல்லி நான் அடித்தால் வ/ஆ. நானே எழுதி நானே அடித்தால் ஆ/ஆ. கை தானாகப் போட்டுவிடும். மூலையில் என்ன இருக்கிறதோ அதுதான் தீர்ப்பு என்று டீச்சருக்கு மறுபடி போன் போட்டுச் சொல்லிவிட்டேன்.

டிசம்பர் 28

தேடும் கட்டத்தில் ‘குழாய்’ என்று அடித்தேன். வந்தது: பிளம்பர் அனுப்பிய ரசீது ஒன்று, என் மனைவி உலகம்மை எதற்கோ சேமித்து வைத்த புட்டுக் குழாய் படம் ஒன்று. நாடகம் இல்லை. ‘நாடகம்’ என்று அடித்தேன். அதற்கும் இல்லை.

முழுப் பிரதி இரண்டுதான் அன்றைக்கு அச்சடித்தேன். மற்ற நடிகர்களுக்கு அவரவர் வசனத்தை மட்டும் தனித்தாளில் கொடுத்தாயிற்று. ஒரு பிரதி என்னுடையது, கரையான் தின்றுவிட்டது. இன்னொன்று திரவியத்துடையது. அவன் கோபத்துக்கு அன்றைக்கே அடுப்பில் போட்டிருப்பான்.

டிசம்பர் 30

இந்தக் கம்ப்யூட்டரில் ‘பழையது’ என்று ஒரு ஃபோல்டர் உண்டு. பழைய கம்ப்யூட்டரிலிருந்து சிடி சிடியாக ஏற்றியது. உள்ளே போனால் ‘நியூ ஃபோல்டர்’, அதற்குள் ‘நியூ ஃபோல்டர் 2’, அதற்குள் இன்னொன்று. ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தால் அடுத்த குடியரசு தினம் வந்துவிடும்.

உலகம்மை கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள். “கடைசி சீன்ல என்ன வசனம் வரும்?”

“வசனமே கிடையாது. அதுதான அதுல விசேஷமே” என்றேன். கதை இதுதான். குவார்ட்டர்ஸில் இரண்டு வீட்டுப் பெண்கள் மூன்றாம் நம்பர் குழாயடியில் ஒரு மணி நேரம் சண்டை போடுகிறார்கள். கடைசியில் ஒரு வீட்டில் சாவு விழுந்துவிடுகிறது. மற்றவள் தண்ணீர்க் குடத்தைக் கொண்டுவந்து அந்த வாசலில் வைக்கிறாள். ஒன்றும் பேசாமல் திரும்பிப் போகிறாள். அந்தப் பெண் வேஷம் திரவியத்துக்கு. மன்றமே மூக்கைச் சிந்தியது.

“நீங்க எழுதுன எதுலயாவது அஞ்சு நிமிசம் யாராச்சும் வாய மூடிட்டு இருந்திருக்காவளா?” என்றாள்.

கீரையில் புழு இருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதும் என்று சொன்னேன்.

டிசம்பர் 31

கண்டுபிடித்துவிட்டேன். கண்ட்ரோல் பேனலில் ‘இண்டெக்ஸிங் ஆப்ஷன்ஸ்’ என்று ஒன்று இருக்கிறது. இரண்டு மணி நேரம் படித்தேன். அடடா, இது நம்ம ஆலை ஸ்டோர்ஸ் அல்லவா!

ஸ்டோரில் யாராவது ஒரு வால்வு கேட்டு வந்தால் நாங்கள் கோடவுனுக்குள் ஓட மாட்டோம். ‘பின் கார்டு’ என்பதைப் பார்ப்போம். எந்தச் சாமான் எந்த அலமாரியில் எத்தனை என்று எழுதிய அட்டை அது. கம்ப்யூட்டரும் அப்படித்தான். சும்மா இருக்கும் நேரத்தில் ஃபைல்களைப் படித்து, எந்தச் சொல் எதில் என்று அட்டவணை போட்டு வைக்கிறது. நாம் தேடும்போது அது அட்டவணையைத்தான் பார்க்கிறது; ஃபைலைப் பார்ப்பதில்லை. கார்டு போடாத சரக்கு காலடியில் கிடந்தாலும் ‘இல்லை’ என்றுதான் பதில் வரும்.

முப்பத்தோரு வருஷம் ஸ்டோர் கிளார்க்காக இருந்தவனுக்கே பாடம் எடுக்கிறது!

ஜனவரி 1, 2023

புது டைரி. பழைய பேனா.

ஜனவரி 2

இன்னொரு விஷயம் பிடிபட்டது. எந்த வகை ஃபைலுக்குப் பெயரை மட்டும் அட்டவணையில் ஏற்ற வேண்டும், எதற்கு உள்ளே இருக்கும் எழுத்தையும் ஏற்ற வேண்டும் என்று தனித்தனியாகச் சொல்ல வேண்டுமாம். என் பழைய ஃபைல்களுக்கெல்லாம் பெயர் மட்டும் என்று இருந்தது. நான் வைத்த பெயர்களோ ‘aaa’, ‘new1’, ‘new1 kadaisi’. உருப்பட்ட மாதிரிதான். உள்ளே இருப்பதையும் படி என்று மாற்றி, ‘ரீபில்ட்’ பொத்தானை அழுத்தினேன். பழைய அட்டவணையைக் கிழித்துப் போட்டுவிட்டு முதலிலிருந்து எழுதும்.

நான் முன்னால் உட்கார்ந்திருந்தால் வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. அப்படி எழுதியும் காட்டுகிறது. எங்கள் ஸ்டோரில் எல்லாம் நேர் எதிர். மேனேஜரைக் கண்டால்தான் வேலை நடக்கும்.

ஜனவரி 3

4,112 ஃபைல் அட்டவணையில் ஏறியிருக்கிறது.

ஜனவரி 4

19,870. எழுந்து தள்ளிப்போனால்தான் ஓடுகிறது என்பதால் ரேஷன் கடைக்குப் போய் வந்தேன், தையல் கடைக்கும் போய் வந்தேன், கடைசியில் போக வேறு இடம் இல்லாமல் கோயிலுக்கும் போய் வந்தேன். உலகம்மைக்கு ஒரே ஆச்சரியம்.

ஜனவரி 5, வியாழன்

அட்டவணை முடிந்தது. ‘குழாய்’ அடித்தேன். அதே பிளம்பர், அதே புட்டுக் குழாய். எனக்கு வந்த ஆத்திரத்தில் விசைப்பலகையை ஒரு தட்டுத் தட்டினேன். பர்வீனுக்குப் போன் போட்டேன்.

பர்வீன் மேலப்பாளையத்தில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருப்பவள். பதினைந்து வருஷமாக எங்களுக்கு அவள்தான் டாக்டர். மத்தியானம் வந்தாள். ஒரு பழைய ஃபைலைத் திறந்து பார்த்துச் சிரித்தாள்.

“சார், இது உங்களுக்குத்தான் தமிழ். கம்ப்யூட்டருக்கு இது தமிழே இல்ல. அந்தக் காலத்து ஃபாண்ட்டு. உள்ள பூராம் இங்கிலீஷ் எழுத்து, வெளிய தமிழ் வேஷம் கட்டி விட்டிருக்கு. நீங்க இப்பத்த தமிழ்ல தேடுனா அது எப்படிக் கொண்டாரும்?”

“அப்ப என்ன செய்ய?”

“அன்னைக்கு எந்தச் சாவிய அமுக்குனீங்களோ அதையே அமுக்குங்க. இங்கிலீஷா தெரியும், தெரிஞ்சிட்டுப் போவுது.”

கண்ணை மூடிக்கொண்டு விரல்களை வைத்தேன். எஃப், ஓ, ஹெச், ஏ, அரைப்புள்ளி. திரையில் அர்த்தமில்லாத என்னவோ விழுந்தது. விரலுக்கு மட்டும் அது ‘குழாய்’ என்று தெரியும். எத்தனை வருஷம் ஆயிற்று! தட்டியதுதான் தாமதம், மளமளவென்று பட்டியல் இறங்கியது.

மூன்றாம் நம்பர் குழாயில் தண்ணீர் வரவில்லை என்று எஸ்டேட் ஆபீசருக்கு நாங்கள் எழுதிய பதினோரு மனுக்கள். பதினோராவதில் “ஐயா, தங்கள் வீட்டுக் குழாயில் மட்டும் வருவதன் ரகசியம் யாதோ” என்று திரவியம் சேர்க்கச் சொன்ன வரி. கேரம் போட்டி நோட்டீஸ். ஆயுத பூஜைக்குப் பொரி வாங்கிய பட்டியல். அவன் மகள் பிறந்த அன்று அவன் சொல்லச் சொல்ல நான் அடித்த லீவு லெட்டர்: “என் மனைவிக்குப் பெண் குழந்தை பிறந்திருப்பதாலும், எனக்குக் கை கால் ஓடாததாலும்.” அப்படியே கொடுத்து அப்படியே லீவும் வாங்கினான். மூலையில் ஞா/ஆ.

சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பர்வீனுக்கு ஒன்றும் புரியாவிட்டாலும் கூடச் சிரித்தாள். அவன் சைக்கிள் மிதிக்க, நான் பின்னால் இரண்டு டிபன் கேரியரையும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க, உப்புக் காற்று முகத்தில் அடிக்கும். ஒரு நாள்கூட அவன் என்னை மிதிக்கச் சொன்னதில்லை. இதை ஏன் இப்போது எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

நாடகம் மட்டும் பட்டியலில் இல்லை.

பர்வீன் அந்த இண்டெக்ஸிங் பட்டியலைத் திறந்தாள். எந்தெந்த ஃபோல்டர் அட்டவணையில் உண்டு என்பதை மட்டும்தான் நான் பார்த்திருந்தேன். பக்கத்தில் இன்னொரு பத்தி இருக்கிறது. எதெது விலக்கு என்று. அதில் ஒரே ஒரு பெயர்: ‘நியூ ஃபோல்டர் 7’. அதற்குள் பார்க்கவே கூடாது என்று யாரோ டிக்கை எடுத்து வைத்திருக்கிறார்கள். எந்த மடையன் செய்தானோ தெரியவில்லை. பர்வீன் போகும்போது ஏதோ சொன்னாள். நான் காதில் வாங்கவில்லை.

டிக்கைப் போட்டுவிட்டாள். கண் வலியாக இருந்ததால் ஃபோல்டரைத் திறக்கவில்லை.

ஜனவரி 6

கண் வலி. சொட்டு மருந்து வாங்கினேன்.

ஜனவரி 7

கேஸ் சிலிண்டர் வந்தது. மொட்டைமாடித் தொட்டியைக் கழுவினேன். பொங்கலுக்குக் கரும்பு இப்போதே சொல்லி வைத்தால் நல்லது.

ஜனவரி 9

டீச்சர் போன். “கெடைச்சுதா அண்ணாச்சி?”

“தேடிட்டிருக்கேன் டீச்சர். இந்தக் கம்ப்யூட்டர் ஒண்ணும் சரியில்ல.”

உலகம்மை அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தாள். அவள் சொல்லாமல் இருப்பது சொல்வதைவிட மோசம்.

ஜனவரி 10, செவ்வாய்

எழுதித் தொலைக்கிறேன்.

அன்றைக்குப் போகும்போது பர்வீன் சொன்னது இது. “நீங்கதான் சார் எடுக்கச் சொன்னீங்க. தண்ணி கனெக்‌ஷன் வாங்குன வருசம். இந்த ஃபோல்டர் தேடுனா வரவே கூடாதுன்னு சொன்னீங்கள்லா.”

அது 2016. குடிநீர் இணைப்பு ரசீதைத் தேடி ஆங்கிலத்தில் ‘kuzhai’ என்று அடித்தேன். நாடக ஃபைலுக்கு மட்டும் நான் வைத்திருந்த பெயரும் அதுதான். ரசீதுக்கு முன்னால் அது வந்து நின்றது. ஆசையாகத் திறந்தேன். பக்கம் பக்கமாக ஆ/ஆ. கடைசிப் பக்கத்துக்குப் போனேன். அப்புறம் ரசீது தேடும் ஒவ்வொரு தடவையும் அதுவே முதலில் வந்தது. நான்காவது தடவை பர்வீனைக் கூப்பிட்டேன். பிறகு அதை மறந்துவிட்டதாகவே நினைத்துக்கொண்டேன்.

இப்போது மறுபடி திறந்துவிட்டேன். கடைசிப் பக்கத்தில் ஏழே வரி. குடத்தை வைக்கிறாள். சேலைத் தலைப்பால் குடத்தின் வாயைத் துடைக்கிறாள். திரும்புகிறாள். இடது கீழ் மூலையில், ஞா/ஆ.

ஒரு சிகரெட் அட்டையின் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதிக் கொண்டுவந்து கொடுத்தான். “இப்படி முடிச்சா எப்படி இருக்கும், பாரும் வே” என்றான். நான் எழுதி வைத்திருந்த முடிவில் இரண்டு பக்கம் சமாதான வசனம் இருந்தது. அதைத் தூக்கிப் போட்டுவிட்டு இதை அடித்தேன். கை உண்மையைப் போட்டுவிட்டது.

பிறகு திருநெல்வேலியில் ஆலைகளுக்கிடையே நடந்த போட்டியில் ஷீல்டு கொடுத்தார்கள். ‘கதை, வசனம், முழு ஆக்கம் ஆவுடையப்பன்’ என்று மைக்கில் சொன்னார்கள். கை தட்டல் இன்னும் காதில் இருக்கிறது. மேடைக்குப் பின்னால் திரவியம் உதட்டுச் சாயம்கூடக் கலைக்காமல் நின்றிருந்தான். “ஓய், கடைசி சீன் என்னுதுன்னு ஒரு வார்த்தை சொல்லும் வே” என்றான். சிரித்துக்கொண்டுதான் கேட்டான். ஒரு வார்த்தைதான். நான் சொன்னது இது: “வசனமே இல்லாத சீனுக்கு எழுத்தாளன் ஒருத்தன் வேறயாக்கும்?”

அவன் சேலையை அவிழ்த்து மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டுப் போய்விட்டான். மறுநாள் அவன் சைக்கிள் என் வீட்டு வாசலில் நிற்கவில்லை.

ஷீல்டு இந்த அறையில்தான் இருக்கிறது. உலகம்மை வாரா வாரம் துடைக்கிறாள்.

ஜனவரி 12

டீச்சரிடமிருந்து போன் வந்தது. நான் எடுக்கவில்லை.

ஜனவரி 14, போகி

வீட்டைக் கழுவிவிட்டாள். பழையதெல்லாம் வெளியே போயிற்று. நான் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தேன்.

ஒரே ஒரு எழுத்து. ‘ஞா’வை அழித்து ‘ஆ’ போட்டால் முடிந்தது. யாருக்குத் தெரியும்? அழித்தேன். போட்டேன். ஆ/ஆ என்று நின்றது. பக்கம் முழுவதும் படித்துப் பார்த்தேன். சேலைத் தலைப்பால் குடத்தின் வாயைத் துடைக்கிறாள். எனக்கு இது தோன்றுமா? ஏழு ஜென்மம் எடுத்தாலும் தோன்றாது. திரும்பவும் பழையபடி மாற்றினேன்.

உலகம்மை பின்னால் நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக என்று தெரியாது.

“முழுப் பூசணிக்காயச் சோத்துல மறைச்சு இருவது வருசம் ஆச்சு. சோறும் ஊசிப் போச்சு. அந்த அண்ணனுக்குப் போன் போடுங்க” என்றாள்.

“உனக்கு எப்ப தெரியும்?”

“நாடகம் பாத்த அன்னைக்கே தெரியும்.”

ஜனவரி 15, பொங்கல்

நம்பரை டீச்சரிடம் வாங்கினேன். மூன்று தடவை அடித்துப் பாதியில் வெட்டினேன். நான்காவது தடவை வெட்டுவதற்குள் அவன் எடுத்துவிட்டான்.

“யாரு?”

“நான்தான் வே. ஆவுடை.”

அந்தப் பக்கம் எங்கோ குக்கர் விசில் அடித்தது.

“சொல்லும்” என்றான்.

“ஃபைல் கெடைச்சிட்டு. கடைசிப் பக்கம் மூலையில ஞா/ஆன்னு இருக்கு. ஒம்ம சீன்தான் வே அது. எனக்கு அது அன்னைக்கும் தெரியும். ஏழு வருசத்துக்கு முந்தி ஒரு தடவை கண்ணால பாத்தும் மறைச்சு வச்சிட்டேன். நான் சொன்னது தப்பு. மேடைக்குப் பின்னால சொன்னது அதைவிடத் தப்பு. மேடையில சொல்லுதேன். நீரு நடிச்சாலும் சொல்லுதேன், நடிக்காட்டாலும் சொல்லுதேன்.”

“எனக்குத் தெரியும் வே, மூலையில ஞா/ஆன்னு இருக்கது.”

“எப்படித் தெரியும்?”

“நீரு குடுத்த காப்பி எங்கிட்டதான இருக்கு. பைபிள் பக்கத்துல வச்சிருக்கேன். ஒரு தாள்கூடக் கிழியல.”

அப்படியானால் ஸ்கிரிப்டும் இருந்தது, சாட்சியும் இருந்தது. போன மாதமே டீச்சரிடம் கொடுத்து என் மானத்தை வாங்கியிருக்கலாம். இருபது வருஷத்தில் எந்த நாளும் வாங்கியிருக்கலாம்.

“அடப் பாவி மனுசா, பின்ன ஏன் வே காட்டல?”

“காட்டியிருந்தா சீன் என்னுதுன்னு ஆகியிருக்கும். நீரு போன் போட்டிருக்க மாட்டேரு.”

அதற்கு மேல் அவன்தான் பேசினான். முட்டி வலி, மகள் மஸ்கட்டில், பேரன் படிப்பு, மருதாணி இட்டு வேஷம் கட்டினால் இந்த வயசில் நன்றாக இருக்குமா என்று. வைக்கும்போது, “ஓய், அந்தச் சேலை இருக்கா?” என்று கேட்டான்.

உலகம்மையிடம் இருக்கிறது. அவளுடைய சேலைதானே அது.

ஜனவரி 20

நாடகம் முழுவதையும் இப்போதைய தமிழில் மறுபடி அடித்து முடித்தேன். இனி யார் தேடினாலும் கிடைக்கும். ‘நியூ ஃபோல்டர் 7’க்குப் பெயரும் மாற்றிவிட்டேன். விலக்குப் பத்தி இப்போது காலியாக இருக்கிறது.

ஷீல்டைத் துணியில் சுற்றிப் பையில் வைத்திருக்கிறேன்.

ஜனவரி 26, வியாழன்

நாடகம் நன்றாக நடந்தது. அன்றைக்குப் போலவே படுதா ஓரத்தில் நின்று வசனம் எடுத்துக் கொடுத்து நான்தான் புராம்ப்ட் பண்ணினேன். நாடகத்துக்கு முன்னால் சொல்ல வேண்டியதை மைக்கில் சொல்லி, ஷீல்டைக் கொடுக்க வேண்டிய கையில் கொடுத்தேன். மைக் சரியில்லை, பாதிப் பேச்சு கேட்டிருக்காது. தொண்டையும் கட்டியிருந்தது. கடற்காற்று.

ஜனவரி 27

திரவியம் நேற்று எங்களோடு பாளையங்கோட்டை வீட்டுக்கு வந்துவிட்டான். உளுந்தங்களி தின்றுவிட்டு என் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறான். கேட்காமலே டைரியை எடுத்து நேற்றைய பக்கத்தைப் படித்தான். படித்துவிட்டு, “எழுதும், நான் சொல்லுதேன். ஒரு எழுத்து மாத்தக் கூடாது” என்றான். அவன் சொன்னது:

“மைக்கு நல்லாத்தான் இருந்துச்சு. ஆவுடையப்பன் ‘கடைசிக் காட்சி ஞானதிரவியம், நான் டைப் அடிச்சவன்’னு சொன்னது கடைசி வரிசைல இருந்த டீச்சருக்கே கேட்டுச்சு. அதுக்கு மேல பேச முடியாம நின்னு அழுதாரு. எல்லாரும் பாத்தாவ. கடைசி சீன்ல குடத்தை வச்சுட்டுத் திரும்பும்போது நான் படுதா ஓரத்தைப் பாத்தேன். சொல்லிக் குடுக்க ஒண்ணும் இல்லாததுனால ஆவுடை ஸ்கிரிப்டை மூடி நெஞ்சோட வச்சுட்டு நின்னாரு. இருவது வருசமா வேற யாரு புராம்ப்ட் பண்ணியும் நான் மேடை ஏறல. அத அவருட்ட சொல்லல. இப்ப எழுதட்டும்.”

ஞா/ஆ